முப்பத்தொன்றாம் தாளில் ஒரு புள்ளி

என் மோதிரம் கறுத்துப்போன அன்றுதான் அந்த எண்ணம் வந்தது.

வேலை செய்யும்போது கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது, பழைய படங்களைச் சரிசெய்யும் எங்கள் அறையின் விதி. காலையில் வந்ததும் வெள்ளி மோதிரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடுவேன். ஒரு முறை அதை அங்கேயே மறந்துவிட்டு, நோன்புப் பெருநாளுக்கு நெல்லிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய், காய்ச்சலில் படுத்து, மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பினேன். இழுப்பறையைத் திறந்தால் மோதிரம் கறுத்துக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு துண்டு மெல்லிய தாள் ஒட்டியிருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அறைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் காற்றில் வெள்ளி கறுக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புக்குள் ஒரு நீல மினுக்கம். அதை வேறெங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. தேட வேண்டியிருக்கவில்லை. மேசை மேல் முப்பத்தொன்றாம் தாள் விரிந்து கிடந்தது. அதில் இருந்த மீனின் கண்ணுக்குப் பின்னால் இறங்கும் கறுப்புப் பட்டையிலும் அதே மினுக்கம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இப்போது இருபத்தொன்பது, ஓய்வு பெற்றவள். திட்டம் முடிந்து வெளியே வந்தவளை அங்கே புதிதாகச் சேர்ந்தவர்கள் ‘ரிட்டையர்டு அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தி, திவ்யா, வாட்ஸப்பில் இரண்டு படங்களை அனுப்பினாள். ஒன்று முப்பத்தொன்றாம் தாளின் ஸ்கேன். இன்னொன்றும் அதே தாள்தான், ஆனால் பட்டை முழுக்க வெள்ளை. “அக்கா, புது சாஃப்ட்வேர். ஒரே பட்டன். கறை எல்லாம் தானா போயிடுது. நீங்க இதுக்காகவா ஆறு வருஷம் குனிஞ்சு ஒக்காந்திருந்தீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க” என்று எழுதியிருந்தாள். அந்தப் பட்டைக்குள் இருக்கும் ஒரு புள்ளியின் கதை அவளுக்குத் தெரியாது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் வரலாறு படித்தேன். பழைய தாள்களைப் பராமரிக்கும் பயிற்சி எட்டு மாதம். முதல் நான்கு மாதம் வெற்றுத் தாளைத் தூசி தட்டினேன், அடுத்த நான்கு மாதம் அழுக்குத் தாளை. பிறகு கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய மாடி வீட்டில் இயங்கும் தனியார் நூலகம் ஒன்றில் சேர்ந்தேன். அவர்களிடம் நாற்பத்திரண்டு மீன் படங்கள் இருந்தன. எல்லாமே இந்தக் கடற்கரையில் அபூர்வமாகக் கிடைக்கும் மீன்கள். ரம்பம் போல் மூக்கு நீண்ட வேளா, ஊதிக்கொண்டு முள் விரித்த பேத்தை, பெட்டி போல் நாலு மூலை உள்ள மீன் ஒன்று, வால் சுருட்டிய கடல் குதிரை. கோடுகள் அச்சில் வந்தவை, நிறங்கள் கையால் பூசியவை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் செதிலுக்கு, ஒருவர் துடுப்புக்கு என்று பூசுவார்களாம். அதனால் ஒரே மீனுக்கு ஒவ்வொரு பிரதியிலும் முகம் கொஞ்சம் மாறும்.

நான் கடலூரின் பழைய நகரமான ஓ.டி.யில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய் வந்தேன். அக்கா வீட்டுக்காரர் சலீம் மச்சான் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். என் வேலையை அவர் கடைசி வரைக்கும் வேலை என்று ஒத்துக்கொள்ளவில்லை.

“நாங்க செத்த மீனை ஒரு நாள் கெடாம பாத்துக்கறோம். நீ நூறு வருஷத்துக்கு முன்னால செத்ததுக்கு வைத்தியம் பாக்கற. யாரு பெரிய டாக்டருன்னு நீயே சொல்லு” என்பார்.

எங்கள் அறையின் பொறுப்பாளர் வைஜயந்தி மேடம். ஐம்பது வயது இருக்கும். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், அவ்வளவுதான். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தாளையும் தொடுவதற்கு முன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்க்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கி, கடிகாரத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். முதல் நாள் நான் நாலாவது நிமிடத்தில் “பாத்துட்டேன் மேடம்” என்றேன்.

“என்ன பாத்த?”

“பேத்தை மீன். ஓரத்துல கிழிசல். மேல தண்ணிக் கறை.”

“கண்ணு?”

“கறுப்பா இருக்குது.”

“கண்ணு கறுப்பாதான் இருக்கும். அதுக்குள்ள ஒரு வெளிச்சப் பொட்டு இருக்கணுமே, அது எங்க? இன்னும் ஆறு நிமிஷம் இருக்குது. பாரு.”

பார்த்தேன். பொட்டு இருக்க வேண்டிய இடத்திலும் கறுப்புதான். வரைந்தவர்கள் அந்தப் பொட்டை ஈய வெள்ளையில் வைத்திருக்கிறார்கள். கந்தகம் கலந்த காற்றில் ஈய வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துவிடும். இந்தப் படங்கள் எங்களிடம் வருவதற்கு முன் ஓ.டி.யில், உப்பங்கழிச் சேற்றைப் பார்த்த ஒரு வீட்டில் பல காலம் இருந்தவை. நாற்பத்திரண்டு மீன்களுக்கும் கண் போயிருந்தது.

அதைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் ஆறு வருடத்தில் நான் அதிகம் செய்த வேலை. கடல்பாசியைக் காய்ச்சி, நீர்த்த பெராக்சைடு கலந்து ஆறவிட வேண்டும். நோன்பு மாதத்தில் எங்கள் வீட்டில் பால் ஊற்றி, சீனி போட்டு, வில்லை வில்லையாக அறுப்போமே, அதே கடல்பாசி. உறைந்ததும் ஊசி முனையால் கடுகில் பாதி எடுத்து, உருப்பெருக்கியைப் பார்த்தபடியே கறுப்புப் பொட்டின் மேல் மட்டும் வைக்க வேண்டும். பக்கத்து நிறத்தில் பட்டால் ஜெல்லின் ஈரம் அந்த நிறத்தை இழுத்துவிடும். மூன்று நிமிடம் வைத்து எடுத்துப் பார்த்து, மறுபடி வைக்க வேண்டும். கறுப்பு முதலில் பழுப்பாகும், அப்புறம் சாம்பல். பிறகு எந்த நொடியில் என்று சொல்ல முடியாது, வெள்ளை வந்துவிடும். வந்தது வந்ததுதான், அதை மறுபடி கறுப்பாக்க நம்மிடம் வழி கிடையாது.

இதை மச்சானிடம் சொன்னபோது, “மீனும் கடல்பாசி வெச்சுதான் நோன்பு தொறக்குதா?” என்று கேட்டார். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது, முதல் கண் திறக்கும் வரை. அது அந்தப் பேத்தை மீன். அதுவரை அது தாளில் ஒரு படம். வெள்ளைப் பொட்டு வந்ததும் அது என்னைப் பார்த்தது. நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினேன், அங்கேயும் பார்த்தது. படத்தில் கண்ணில் ஒளி வைத்தால் அப்படித்தான் தோன்றும், அதற்குக் காரணம் உண்டு, பயிற்சியிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நான் வருவதற்குள் மேடம் அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“ஏன் மேடம்?”

“வெளிச்சம் படாம இருக்கட்டும்.”

ஜன்னல் மூடித்தான் இருந்தது. அன்றிலிருந்து கண் வந்த மீன் எதுவானாலும் மறுநாள் காலை வரை குப்புறவே கிடக்கும். நான் மறந்தாலும் அவர் மறக்க மாட்டார்.

முப்பத்தொன்றாம் தாளை மட்டும் ஒவ்வொரு வருடமும் “அது கடைசியில” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அதில் இருந்தது சாப்பாட்டுத் தட்டு போல வட்டமான, தட்டையான மீன். முதுகுத் துடுப்பில் ஓர் இழை நீண்டு வாலைத் தாண்டிப் போகும். கண்ணுக்குப் பின்னால் மேலிருந்து கீழ் வரை விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. கீழே பென்சிலில் கடலூர் என்று மட்டும் இருக்கும், மீனின் பெயர் இருக்காது. கறுப்புப் பட்டை உள்ள மீன் இந்த ஒரு படத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. கரையில் அடிக்கடி கிடைக்கும் தட்டை மீன் ஒன்று இதே உருவத்தில் இருக்கிறது, ஆனால் அதற்கு அந்த இடத்தில் பட்டை வெள்ளை.

மேடம் இளவயதில் தேடிய மீன் இதுதான். ஆராய்ச்சி மாணவியாகப் பதினோரு வருடம் ஒவ்வொரு மீன் இறங்குதளமாகப் போய் நின்றிருக்கிறார். ஓ.டி. துறைமுகத்தில் இன்னும் அவரை ஞாபகம் வைத்திருப்பவர்கள் உண்டு. “கறுப்புப் பட்டை டீச்சரா? அந்தம்மா இல்லாத மீனைத் தேடிக்கினு திரிஞ்சாங்க” என்பார்கள். கிடைக்கவில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு, மீனின் படம் இருக்கும் இடத்துக்கே வேலைக்கு வந்துவிட்டார்.

ஒரு முறை அவரே அந்தத் தாளைக் காட்டினார். “துடுப்பைப் பாரு. மஞ்சளுக்குள்ள ஒரு ஊதா ஓடுது. தண்ணிய விட்டு எடுத்தா ஒரு நிமிஷத்துல போயிடற நிறம் அது. மத்த நாப்பத்தொண்ணும் செத்த மீனைப் பாத்து வரைஞ்சது. இதை வரைஞ்சவன் உயிரோட பாத்திருக்கான்.”

இப்போது மோதிரத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டையும் கறுத்துப்போன வெள்ளையாக இருந்தால், அப்படி ஒரு மீனே கிடையாது. மேடத்தின் பதினோரு வருடம் ஒரு சாக்கடைக் காற்றின் வேலை. இது எனக்கு ஒரே நொடியில் புரிந்தது. புரிந்ததும் நான் செய்ய வேண்டியது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் வரும்வரை நிற்பது. நான் அதைச் செய்யவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. மேடம் ஒரு கூட்டத்துக்காகக் கடலூர் போயிருந்தார். தாளின் தூசியை மட்டும் எடுத்து வைக்கும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் வேறொரு தாளுக்காகக் காய்ச்சிய கடல்பாசி கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. நாற்பத்தோரு கண்களைத் திறந்த கை. கறுப்பைப் பார்த்தால் ஊசியை எடுக்கப் பழகியிருந்தது. பட்டையின் கீழ் ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், கடுகில் பாதி வைத்தேன். கடிகாரம் மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. பழுப்பு, சாம்பல். மூன்று மணிக்கு வெள்ளை வந்துவிட்டது.

சந்தோஷமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன், நான் நினைத்தது சரி என்ற சந்தோஷம். அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த மீனின் கண் இன்னும் திறக்கப்படாமல் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் புள்ளி பார்த்தது. இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் மேடம் வந்ததும் சொன்னேன். அவர் தாளைத் திருப்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“மன்னிச்சிடுங்க மேடம். எனக்குத் திடீர்னுதான் தோணிச்சு.”

“எனக்கு இருபது வருஷமா தோணிக்கினே இருக்குது, நஸீமா. அதனாலதான் தொடல.”

“அப்ப இது வெறும் கறையா?”

“நீ தொட்ட எடம் வெள்ளை. மத்த எடம் உனக்குத் தெரியுமா? வெள்ளைய பூசி, அதுக்கு மேல கறுப்பு வெச்சிருக்கலாம். வெள்ளையும் கறுப்பும் கலந்து வெச்சிருக்கலாம். கடுகளவுக்கு மேல உனக்கு ஒண்ணும் தெரியாது.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “ஒண்ணு மட்டும் நடந்திருக்குது. இந்த மீனுக்கு இப்ப ஒரு அடையாளம் வந்துடுச்சு” என்றார்.

வியாழக்கிழமை காலை பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது மச்சான் ஒரு படம் அனுப்பினார். கூடவே, “டாக்டரம்மா, உங்க பேஷண்ட் எந்திரிச்சு வந்துட்டான்.”

துறைமுகத்துத் தரையில், ஈரச் சிமெண்டில், ஒரு வட்டமான மீன். முதுகில் நீண்ட இழை. கண்ணுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை. அந்தத் தாளின் படத்தை மச்சானிடம் எப்போதோ காட்டி, இப்படி ஒன்று வந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். புள்ளியைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. படத்தைப் பெரிதாக்கினேன். பட்டையின் கீழ் ஓரத்தில் கடுகில் பாதி வெள்ளை இருந்தது.

அதை எடுத்து வைக்கும்படி மச்சானுக்கு எழுதிவிட்டு, சிதம்பரத்தில் இறங்கி மேடத்தைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். வழி முழுக்க அவர் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தபடி வந்தார். துறைமுகத்தில் மச்சான் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார், முகத்தில் சிரிப்பில்லை.

“நான் ஒரு பத்து நிமிஷம் அந்தாண்ட போயிட்டேன். அதுக்குள்ள மல்லிகாக்கா வாங்கி அறுத்துட்டாங்க” என்றார்.

மல்லிகாக்கா அரிவாள்மணையில் உட்கார்ந்து வேறு மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்த வட்ட மீனு?”

“ரெண்டு வூட்டுக்குத் துண்டு போட்டுக் குடுத்துட்டேன். நெறைய பேரு வந்து வந்து கேக்கறீங்க. முன்னயே சொல்லக்கூடாதா?”

“தலை, தோல் எதுனா?” இது மேடம்.

“காக்கா தூக்கிக்கினு போச்சு.” அப்போதுதான் மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். “நீ கறுப்புப் பட்டை டீச்சருதான? அய்ய, நீ தேடுனது இதுவா?” கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். “சேறுதான் ஒட்டிக்கினு இருக்குதுன்னு தண்ணி ஊத்தித் தேச்சேம்மா. போவல. கீழ் ஓரத்துல ஒரு வெள்ளப் பொட்டு, ஊசி வெச்சாப்ல. சாதாரணமா எந்த மீனையும் நான் அவசரப்பட்டு அறுக்க மாட்டேன். இது கண்ணு மூடுனாப்ல கெடந்துச்சு, ஆனா என்னையே பாத்துக்கினு இருக்குது. அதான் சட்டுனு அறுத்துட்டேன்.”

மீனுக்கு இமை கிடையாது. கண் மூடாது. மேடமும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மேடம் மச்சானிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வலை எப்ப தூக்கினாங்க?”

“லாஞ்சு திங்கக்கெழம போச்சு மேடம், இன்னைக்கு வெடியகாலம் வந்துச்சு. இந்த மீனு வந்த வலை செவ்வாக்கெழம தூக்குனதாம். அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னாடின்னு டிரைவரு பாய் சொன்னாரு. மூணு மணி இருக்கும்.”

திரும்பி வரும்போது நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். “மேடம், மீன் இருக்குதுல்ல. நீங்க தேடினது சரிதான. படம் இருக்குது, பார்த்த ஆள் இருக்காங்க.”

“படம் பத்தாது, உடம்பு வேணும். உடம்பு இருந்தாலும் நான் என்ன எழுதுவேன்? இந்த மீனோட அடையாளம், பட்டையில ஒரு வெள்ளைப் புள்ளி, அதை வெச்சது என் ரூம்ல வேலை செய்யற பொண்ணுன்னா?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பதினோரு வருஷம் வராதது, நீ தொட்ட அன்னைக்கு வலையில ஏறியிருக்குது. அது வந்ததா, நீ கூப்பிட்டியான்னு எனக்குத் தெரியல.”

அறைக்கு வந்ததும் அறிக்கையை அவரே எழுதினார். பட்டையின் நிறம் உறுதி செய்யப்படவில்லை. கீழ் ஓரத்தில் ஒரு புள்ளி வெண்மை, பணியாளர் செய்தது. கண் உட்பட இந்தத் தாளில் இனி எந்தப் பணியும் கூடாது. அந்தத் தாளைக் கவிழ்த்து, உறையிலிட்டு, அலமாரியின் அடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்திருப்பேனோ என்னவோ. அந்தத் திட்டம் முடிந்ததும் அடுத்ததில் சேரச் சொன்னார்கள், நான் சேரவில்லை.

இப்போது திவ்யா அனுப்பிய படத்தில் பட்டை முழுக்க வெள்ளை. திரையில்தான், தாளில் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்த உடனே மச்சானுக்குப் போன் செய்து இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்டேன். “வழக்கமானதுதான். ஏன், ரிட்டையர் ஆனப்புறமும் டூட்டியா?” என்றார். திவ்யா, அந்த பட்டனை அந்தத் தாளுக்கு மட்டும் அமுக்காதே.

இன்னொரு விஷயம். ஓ.டி.யில் உப்பங்கழி ஓரத்துப் பழைய வீடு ஒன்றில் அதே முப்பத்தொன்றாம் படத்தின் வேறொரு பிரதி சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதாம். வேறு கை பூசிய நிறம். வீட்டுக்காரர் போனில் எடுத்து அனுப்பிய படத்தில், கண்ணாடியில் பட்ட வெளிச்சம் சரியாகப் பட்டையின் மேல் விழுந்து எல்லாவற்றையும் மறைத்திருக்கிறது. அதை மேடத்துக்கு அனுப்பினேன். நான் வேலையை விட்டபின் முதல் முறையாக நேற்று அவர் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கெழம மத்தியானம் போலாம். ஜெல் எதுவும் எடுத்துக்கினு வராத.”

“எடுத்துட்டு வரமாட்டேன் மேடம்.”

“ஊசி?”

“இல்ல.”

“பத்து நிமிஷம். ரெண்டு பேரும் கையைப் பின்னால கட்டிக்கினு.”

சட்டத்தைக் கீழே இறக்கி, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று, பட்டையின் கீழ் ஓரத்தைப் பார்ப்பதாகத் திட்டம். அங்கே புள்ளி இல்லாவிட்டால், என் கை படாத மீன் இன்னும் கடலில் இருக்கலாம் என்று மேடம் சனிக்கிழமையிலிருந்து மறுபடி துறைமுகத்தில் நிற்கத் தொடங்குவார். சொல்லிவிட்டார், செருப்புகூட வாங்கிவிட்டாராம். புள்ளி இருந்தால், அந்த வீட்டில் யாராவது அந்தப் படத்தைத் தொட்டார்களா என்று கேட்க வேண்டும். யாரும் தொடவில்லை என்று அவர்கள் சொன்னால் என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மச்சானிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரும் ஒவ்வொரு கூடையையும் நாங்கள் அந்த வீட்டுக்குள் போவதற்கு முன் ஒரு படம், வெளியே வந்தபின் ஒரு படம் எடுக்க வேண்டும். மல்லிகாக்கா அன்று வட்டமாக எது வந்தாலும் கத்தி வைக்க மாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.